படத்துக்கு முன்னால் வந்த இசை

டைட்டன் நிலையம். பதிவு: பொறியாளர் பொற்கொடி. இப்போது இங்கே நான் ஒருத்திதான்.

நாள் 212 / 09:10
பிராணவாயு இயந்திரங்கள் இரண்டில் ஒன்று நின்று நாற்பது நாள். மற்றது இருமிக்கொண்டு ஓடுகிறது. தகவல் அனுப்பும் ஆன்டெனா புயலில் போயிற்று. அனுப்புவதற்குக் குரல்வழி மட்டும் மிச்சம். அதில்தான் தினமும் உதவி கேட்கிறேன். மேலே சுற்றும் மீட்புக் கலத்தை இறக்க, பூமியிலிருந்து ஒரு கட்டளை வந்தால் போதும்.

இன்று வந்தது கட்டளை அல்ல, சினிமா இசை! இந்த நிலையத்தை வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். இசை, தூத்துக்குடி மின்னிசை இரட்டையர் இன்னாசி–லூர்து. படம் பெரிய கோப்பாம், வந்து சேரப் பத்து நாள் ஆகும். அதுவரை இசையைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமாம்.

நாள் 212 / 18:40
எரிச்சலோடுதான் கேட்டேன். ஆனால் பழக்கம் விடுமா? படம் வருமுன் பாட்டைக் கேட்டு, இது காதல், இது சண்டை, இங்கே இடைவேளை என்று நாமே ஒரு கதை கட்டிவிடுவோமே. முதல் மூன்று துண்டிலேயே கதாநாயகிக்கு ஒரு தங்கையும் கொடுத்துவிட்டேன். கடைசித் துண்டின் பெயர் 'வீடு திரும்பல்'. பிழைத்துவிடுகிறாள் போல. கொடுத்துவைத்தவள்.

நாள் 213 / 07:05
நான்காவது துண்டு. அடியில் கனமான தாளம். அதன்மேல் ஒரு பெண்குரல், நறுக்கி நறுக்கி, எதிரொலியோடு: "காத்து... காத்து... இன்னும் காத்து..."

அது என் குரல். நாற்பது நாளுக்கு முன் நான் அனுப்பிய முதல் உதவிக்குரல். "காத்து குறையுது, இன்னும் கொஞ்ச நாள்தான் தாங்கும், கலத்தை இறக்குங்க" என்றேன். அதற்குத் தாளம் போட்டிருக்கிறார்கள்.

நாள் 213 / 07:50
புரிந்துவிட்டது. மூன்று மாதம் முன் தரை மையம் படத்துக்காக நிலையத்து ஒலிகளைக் கேட்டது. கதவுச் சீறல், குழாய் முனகல், வெளிக்காற்று எல்லாம் குரல்வழியில்தான் அனுப்பினேன். அன்றிலிருந்து குரல்வழியில் வருவதெல்லாம் யாரும் கேட்காமலே நேரே இசைக்காரர்களுக்குப் போகிறது. சிரித்துக்கொண்டே ஒலிப்பதிவு செய்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

நாள் 213 / 08:15
அனுப்பியது: "நான் பொற்கொடி. இது நடிப்பு இல்ல. இது படத்துக்கு இல்ல. மூச்சுக்குக் காத்து இல்லாமப் போகுது. மீட்புக் கலத்தை இறக்குங்க."

நாள் 214 / 11:30
தரை மையத்து விளம்பர அதிகாரி பூபாலனின் பதில்:

"மேடம், பின்னிட்டீங்க! 'இது நடிப்பு இல்ல'ன்னு சொன்ன இடத்துல ஆபீஸே புல்லரிச்சுப் போச்சு. இன்னாசி சார் அதை ரெண்டாம் பாகத்துக்கு எடுத்து வெச்சுட்டார். தகவல் வரலைன்னு இங்க கொஞ்சம் பதறினாங்க. உங்க குரல் தினமும் வருதே, நல்லாத்தான் இருப்பீங்கன்னு நான்தான் சமாதானம் சொன்னேன்."

வாய்விட்டுத் திட்டினேன். அதையும் அனுப்பினேன். அதற்கும் "சூப்பர் மேடம்" வந்தது.

நாள் 216 / 06:00
இரண்டாவது இயந்திரம் நின்றது. விண்வெளி உடுப்பின் காற்றுக் குப்பிகளில் மூன்று நாளைக்குத்தான் இருக்கிறது.

யோசித்தேன். என் குரல்தான் அவர்களுக்கு நிம்மதி. பேச்சு நின்றால் பயப்படுவார்கள். பயந்தால் கலத்தை இறக்குவார்கள். குரல்வழியை அணைத்துவிட்டேன். பேச ஆளில்லாத இடத்தில் பேசாமல் இருப்பது இவ்வளவு கஷ்டமா? அழுகையாக வருகிறது.

நாள் 218 / 20:20
தலைவலி. விரல் நகம் நீலம். வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கலம் இறங்கவில்லை.

நாள் 218 / 23:45
பூபாலன்:

"என்ன மேடம், ரெண்டு நாளா சத்தத்தையே காணோம்? படம் வர வரப் பாத்துக்கிட்டு இருக்கீங்கதானே? தொந்தரவு பண்ண வேணாம்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். பொறுமையா பாருங்க. முடிச்சுட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

குரல்வழியைத் திறந்தேன். வாயைத் திறந்தால் இருமல்தான் வருகிறது. அவர்களுக்கு அதுவும் பிடிக்கும்.

நாள் 219 / 0
இதைக் கண்டெடுப்பவருக்கு. படம் முக்கால்வாசிதான் வந்தது. நான் பார்க்கவில்லை என்று அவர்களிடம்