தட்டைக் கோடு

என்னவருக்கு,

ஆய்வகத்தில் நீங்கள் உறையவைத்துவிட்டுப் போன இலைகளை இன்று நானே அரைத்தேன். கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதி எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்தேன். ஒப்பிடுவதற்குக் கொதிக்கவைத்த சாறும் வைத்தேன். அதில் நொதி செத்துவிட்டதால் வரைபடத்தில் கோடு தட்டையாகவே போனது.

"இலை பச்சையா இருக்குன்னு ஏமாறாதீங்க, அளந்து பாருங்க" என்று மாணவர்களைத் திட்டுவீர்களே.

சாயங்காலம் மருத்துவமனையில் டாக்டர் உங்கள் மூளையை அளந்த தாளைக் காட்டினார். அதே தட்டைக் கோடு. "மெஷினை நிறுத்திடலாமா மேடம்?" என்று கேட்டார். உங்கள் கை சூடாக இருந்தது.

"இன்னொரு தடவை அளந்து பாருங்க" என்றேன்.

நாளை அளப்பார்கள். நான் சொல்லி என்றைக்கு நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்? நாளைக்காவது அந்தக் கோட்டைக் கொஞ்சம் அசைத்துவிடுங்கள்.

உங்கள் கைச்சூட்டை மட்டும் நம்பும்
மனைவி