மூன்று வீட்டுக்கு ஒரே பத்தாம் நம்பர்

பாசமுள்ள டேவிட் அண்ணா,

உன் முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவர்கள் எல்லோரும் உன்னைப் புகழ்ந்தார்கள். பெண்கள் கால்பந்துக்கு நீ தெய்வமாம். தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் மைதானத்தில் நீ மட்டும் என் எதிரே நின்றிருந்தால் பல்லைப் பெயர்த்திருப்பேன். சத்தியமாக.

நம் காலேஜ் டீமுக்கு உன் இடத்தில் இப்போது நான்தான் கோச். அந்த மறுநாள்தான் விளையாட்டுக் கோட்டா தேர்வுக்குப் பிள்ளைகள் வந்தார்கள். முதலில் வியாசர்பாடிப் பெண், பத்தாம் நம்பர் பனியனோடு. பின்னாலேயே காலடிப்பேட்டைப் பெண், அவளும் பத்து. கடைசியாக அம்மாவோடு எண்ணூர் சங்கீதா. அவள் முதுகிலும் பத்து. ஒருத்தி முதுகை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள். டீமில் இருந்த பழைய பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

நடுவில் நின்று ஆட்டத்தை நடத்துகிறவளுக்குத்தான் நம் டீமில் பத்தாம் நம்பர். பிடித்த பெண்ணின் வீட்டுக்கே போய், பெற்றவர்கள் முன்னால் அந்தப் பனியனை நீ கொடுத்தால் சீட்டு அவளுக்கு என்று அர்த்தம். காகிதம் கிடையாது, கையெழுத்து கிடையாது, உன் வார்த்தைதான். இந்த வருஷம் ஒரே சீட்டுதான் என்று உனக்குத் தெரியாதா?

வண்ணாரப்பேட்டைக் கடையில் மூன்று பனியனுக்கும் நம்பர் அடித்து வாங்கி வந்தவள் நான். எதற்கு மூன்று என்று கேட்டேன். "துவைச்சுப் போட மாத்து வாணாமா?" என்று சிரித்தாய். அதை நம்பிய என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உன் திட்டம் இப்போது புரிகிறது. ஒருத்திக்கு முட்டி போகும், ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகும், மிச்சம் ஒருத்தி நிற்பாள். மூன்று பேரும் வந்து நின்றால் என்ன செய்வதாக இருந்தாய்?

ஆட விட்டுப் பார்த்தேன். வியாசர்பாடிப் பெண்தான் சிறந்தவள், சந்தேகமே இல்லை; அந்த ஒரு சீட்டு அவளுக்குப் போனது. காலடிப்பேட்டைக்காரிக்கு நல்ல மார்க், கோட்டா இல்லாமலே பி.காம். கிடைத்துவிட்டது. சங்கீதாவுக்குத்தான் எதுவுமில்லை. வேறொரு காலேஜ் கூப்பிட்டுக் கொடுத்த சீட்டை, உன்னை நம்பி வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அங்கே சேர்க்கையும் முடிந்துவிட்டது.

அவள் அம்மா கத்தவில்லை. "இன்னா மேடம், உங்க அண்ணன் எங்க வூட்ல குந்தி டீ குட்ச்சிட்டு, எம் பொண்ணு தலைல கைய வெச்சு சொன்னாரே. அவரு பூட்டாருன்னா அந்த வார்த்தயும் பூடுச்சா?" என்றாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன், வெட்கமில்லாமல். "ஒரு வருசம் சும்மா குந்தினு இருந்தா அவ நைனா கம்பெனி வேலைக்கு அனுப்பிடுவாரு. அத்தோட பட்ப்பு அவ்ளோதான்."

நம் பிரின்சிபால் கையை விரித்துவிட்டார். அதனால் அந்த இன்னொரு காலேஜ் கோச்சிடமே போனேன். ஆமாம், பத்து வருஷமாக நீ முகம் கொடுத்துப் பேசாத அதே ஆள்தான். அவர் குத்திக்காட்டவில்லை. "பொண்ணு ஏன் சீட்ட வாணாம்னுச்சுன்னு எங்க ஆபீஸ்ல கேப்பாங்கம்மா. உங்க அண்ணன் ஒரே எடத்த மூணு பேருக்கு சொல்லிட்டாருன்னு காலேஜ் லெட்டர்ல எழுதிக் குடு. நான் சண்ட போட்டுப் பாக்கறேன்" என்றார்.

அண்ணியிடம் சொன்னேன். "செத்தவரு பேரக் கெடுக்கணுமா ரெஜினா?" என்று அழுதாள். நானும் அழுதேன். நீ இல்லாத மைதானம் எனக்குப் பிடிக்கவே இல்லை அண்ணா. ஆனால் உன் பேரைக் காப்பாற்ற அந்தப் பெண்ணின் படிப்பைக் கேட்கிறாயா? உயிரோடு இருந்தால் கேட்டிருப்பாயோ என்று பயமாக இருக்கிறது.

அடுத்த மாதம் உன் பேரில் ஒரு கோப்பைப் போட்டி நடத்தப் போகிறார்கள். நடத்தட்டும். நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு வேறு. நாளைக் காலையில் அந்த லெட்டரை எழுதுவேன். என் அண்ணன் பொய் சொன்னார், நான் கூடவே இருந்தேன் என்று எழுதி, சங்கீதாவுக்கும் அவள் அம்மாவுக்கும் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். அப்படியும் சீட்டுக் கிடைக்காவிட்டால், எண்ணூருக்கு நானே போய் அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். உன்னை மாதிரி சிரிக்க மாட்டேன்.

உன்னைத் திட்டித் தீராத, உனக்காக அழுதும் தீராத
உன் தங்கச்சி,
ரெஜினா