பாசிப் புரிமணை

ஏனுங்க, இந்த வாடை ஞாபகம் இருக்குதுங்களா? கடல்பாசி வெயிலில் காய்கிற வாடை. ஆஸ்திரேலியாவில், ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு கரையில், பவளப்பாறைக்குப் பக்கத்தில் நம்ம மக வயித்துப் பேரன் கூடாரம் அடிக்கிறான். பெரிய இன்ஜினியர், ஆனாலும் முளையைத் தானேதான் அடிக்கிறான். அஞ்சாவது படித்த நான் மடக்கு நாற்காலியில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

"அம்மிச்சி, பாசி ஒதுங்கின கோடு வரைக்கும் தண்ணி ஏறி வரும். நம்ம கூடாரத்தை அதுக்கு மேலதான் போடோணும்" என்றான். அன்றைக்கு இதைச் சொல்ல நமக்கு ஓர் ஆள் இல்லையே.

நயா பைசா புதுசாக வந்த வருசம். என் மாமனார், உங்க அய்யனோட அஸ்தியை ராமேசுவரத்தில் கரைக்கப் புறப்பட்டு, முந்தின நாள் மண்டபத்துக் கரையில் தார்ப்பாய் கட்டித் தங்கினோம். அதுவரை கடலை ரெண்டு பேருமே பார்த்ததில்லை. வெள்ளகோவில் பக்கத்துக் காட்டில் கிணத்துத் தண்ணி இறங்கினால் இறங்கினதுதான். திரும்பி ஏறி வரும் தண்ணியை நாம எங்கே கண்டோம்?

அஸ்திக் கலயம் கூரைக்குள் வரக்கூடாது. ஊரில் என்றால் வேப்பங்கிளையில் கட்டியிருப்போம், அங்கே கிளையில்லாத பனைதான். "வைக்கோலாட்டம் இருக்குது அம்மணி" என்று கரையில் காய்ந்து கிடந்த பாசியை அங்கேயே புரிமணையாகத் திரித்து, அதன்மேல் கலயத்தை அசையாமல் வைத்தீங்க. "அய்யனும் கடலு பாத்ததில்லை. நம்ம பாத்துட்டு வந்து சொல்லலாம்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு, தண்ணி வற்றின பாறைக்கு நடந்தீங்க.

"பூக்கோசுக் காடாட்டம் இருக்குது, யாரு தண்ணி கட்டறாங்க?" என்று பவளத்தைப் பார்த்துச் சிரித்தீங்க. நான் பார்த்த உங்க கடைசி முழுச் சிரிப்பு அதுதான்.

திரும்பி வந்தால், புரிமணை இருந்த இடத்தில் கடல். பாறையெல்லாம் துழாவி, கால் கிழிந்து ரத்தம் ஒழுக, கலயத்து வாய் கட்டின துணியை மட்டும் எடுத்து வந்தீங்க.

"கடலுக்குக் கொண்டு வந்ததைக் கடலே எடுத்துக்கிச்சுங்க" என்றேன்.

"மவன் கையால போகோணும். தானா போறதுக்கு நான் எதுக்கு? ஊருல எங்கண்ணங்கிட்டச் சொல்லிப்போடாத."

மறுநாள் ராமேசுவரத்தில் அஸ்திக்குப் பதிலா அந்தத் துணியைக் கடலில் விட்டீங்க. அப்புறம் மழை தப்பினாலும், மாடு சினை நிற்காவிட்டாலும், "அய்யன் இன்னும் அலையறாரு" என்பீங்க, சாகிற வரைக்கும்.

உங்க கலயத்தைப் பவானி கூடுதுறை வரை நான் மடியைவிட்டு இறக்கவில்லைங்க. பொம்பளைக்கு இது எதுக்கு என்றார்கள். கேட்கவில்லை. நானே மகன் கையில் கொடுத்து, கரைந்ததைக் கண்ணால் பார்த்துத்தான் திரும்பினேன்.

இன்றைக்குத் தண்ணி வற்றினதும் பேரன் கையைப் பிடித்துப் பாறையோரம் போனேன். குனிந்து குனிந்து பார்த்தேன்.

"என்ன மீனு தேடறீங்க, அம்மிச்சி?"

"சும்மாதான் கண்ணு."

உங்க அண்ணனும் போய்ச் சேர்ந்தாச்சு, மறைக்க இனி யாருமில்லை. ஆனாலும் வாய் வரவில்லைங்க. மண் கலயம் எத்தனை நாள் தாங்கும், கடல் எவ்வளவு தூரம் இழுக்கும், எனக்குத் தெரியாது. பாறை இடுக்கில் உருண்டையாக எது தெரிந்தாலும் கண் அங்கேதான் போய் நிற்கிறது.