ஆறாவது விண்ணப்பம்

செப்டம்பர் 9
தேசியத் தேர்வுக்கு முன்பே தொடங்கும் கல்லூரி முன்சேர்க்கைக்கு ஆறு விண்ணப்பங்கள் போடலாம். ஐந்திலும் விலங்கு மருத்துவம் எழுதினேன். ஆறாவதைக் காலியாக விடுகிறேன் என்றேன். வகுப்பாசிரியர் பியோ சிரித்தார். “மாதிரித் தேர்வுல நீ எடுத்த மார்க்குக்கு நாய்கூட உங்கிட்ட வைத்தியத்துக்கு வராதும்மா.”

அவர் சிபாரிசு: ஏதோ ஊரில், கோல்ஃப் மேலாண்மை. நேர்காணல்கூட இல்லை. அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. “பெரிய மனுசங்க வந்துபோற எடம்தான? ஒண்ணாவது உறுதியா இருக்கட்டும்டி.”

போட்டேன். ஒன்றில் தேர்வாகிவிட்டால், வேண்டாமென்றாலும், தேசியத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து நடக்கும் அடுத்த சேர்க்கையில் இடமில்லை என்பது விதி. யாரும் கவலைப்படவில்லை. அந்தத் தேர்வில் நான் நன்றாக எழுதக்கூடும் என்ற சந்தேகம் வீட்டில் யாருக்கும் எழவில்லை.

நவம்பர் 13
தேசியத் தேர்வு. எல்லாக் கேள்விக்கும் விடை தெரிந்திருந்தது. பயமாக இருக்கிறது.

டிசம்பர் 5
மதிப்பெண் வந்தது. பியோ தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உன்னோடதுதானா? இதுக்கு எந்தக் காலேஜ்லயும் விலங்கு மருத்துவம் கெடைக்குமே!” பிறகு ஏதோ நினைவுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். “கோல்ஃப்ல மட்டும் நீ ஃபெயிலாகணும்மா.” ஆசிரியராகி முதல்முறை ஒரு மாணவிக்கு இப்படி ஆசி கூறியிருப்பார்.

டிசம்பர் 12
முன்சேர்க்கை முடிவு: விலங்கு மருத்துவம் ஐந்திலும் இல்லை. கோல்ஃபில் காத்திருப்போர் பட்டியல், பதினான்காம் இடம். ஓரளவு நிம்மதி.

டிசம்பர் 17
ஒன்பதாம் இடம். முன்னால் இருப்பவர்கள் வேறு இடம் கிடைத்துக் கழன்றுகொள்கிறார்கள். அவர்கள் காலில் விழலாம் போலிருக்கிறது. கோல்ஃப் நல்ல படிப்புதானே, இருந்துவிடுங்களேன்.

டிசம்பர் 20
மூன்று வேளையும் கடற்பாசி சூப். தேர்வெழுதும் பிள்ளைக்கு எந்த வீட்டிலும் இதை வைப்பதில்லை, வழுக்கித் தேர்வில் விழவைத்துவிடுமாம். அம்மா அண்டாவில் காய்ச்சியிருக்கிறாள். “இன்னொரு கிண்ணம் குடிடி.”

கோயிலுக்கும் போய்வந்தாள். என்ன வேண்டினாய் என்றேன். “வாய்விட்டா சொல்ல முடியும்? பக்கத்துல இருந்தவளுக எல்லாம் பாஸாகணும்னு அழுதுட்டிருக்காளுக. கேட்டா அடிச்சிருப்பாளுக.”

டிசம்பர் 22
இரண்டு.

டிசம்பர் 23
இன்றே கடைசி நாள். இனித் தொலைபேசியில்தான் அழைப்பார்கள். எடுக்காவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இருவர் கைப்பேசியையும் அம்மா அரிசிப் பானைக்குள் வைத்து மூடினாள். பானைக்குள் ஒன்று அதிர்ந்தது. அடங்கியது. மற்றது அதிர்ந்தது. அடங்கியது. இருவரும் மூச்சுவிட்டோம்.

விண்ணப்பத்தில் மூன்றாவதாக ஓர் எண் இருந்தது. கோஜே தீவில் கப்பல் கட்டும் வேலையில் இருக்கும் அப்பாவுடையது. கோல்ஃப் தன் யோசனை என்பதால் அம்மா அவரிடம் எதையும் சொல்லவில்லை. வாசல் மணி. கீழ்வீட்டுக்காரி தன் கைப்பேசியை நீட்டினாள்: அப்பா லைனில்.

“எங்கடி போனீங்க ரெண்டு பேரும்? கெடைச்சிருச்சு! காலேஜ்லேருந்து பேசினாங்க. வர்றோம்னு சொல்லிட்டேன். ரெண்டு தடவை நன்றியும் சொன்னேன்!”

மனுஷன் அழுதுகொண்டிருந்தார்.

டிசம்பர் 31
அடுத்த சேர்க்கைக்கு விண்ணப்பம் இன்றோடு முடிந்தது. அப்பாவின் அழைப்பை அம்மா எடுப்பதில்லை.

ஜனவரி 5
மறுதேர்வு எழுதுவோருக்கான பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். சேர்க்கை மேசையில் இருந்தவர் என் மதிப்பெண் தாளைப் பார்த்து நிமிர்ந்தார். “இவ்வளவு எடுத்துட்டு இங்க எதுக்கும்மா வந்த?”

நான் வாய் திறக்குமுன் அம்மா சொன்னாள்: “காலேஜ்ல எடம் கெடைச்சிருச்சுங்க. அதான்.”

அவர் மாடிப்படியைக் காட்டினார். “மூணாவது மாடி. அந்த மாதிரி எடம் கெடைச்சு வர்றவங்களுக்குத் தனி வகுப்பு.”