வெள்ளைப் பெட்டி, கறுப்பு நாடா

மார்ச் 4

மூன்று தட்டு மக்காரோன் இன்று வெடித்துப்போயிற்று. காற்றில் அவ்வளவு ஈரம். சமையலறைக்கு ஏசி கேட்டால் விபாதா, "லாபி குளுகுளுன்னு இருந்தா போதும், கிச்சனை யார் வந்து பாக்கப்போறா?" என்கிறாள். அவள்தான் இந்தக் கட்டடத்தின் மேலாளர். கீழ்த்தளத்தில் இருக்கும் எங்கள் பலகாரக் கடையும் அவள் பொறுப்பில்தான். வாசலில் 'பாரிஸ் வாழ்க்கை, பாங்காக் நடுவிலே' என்று பொன்னெழுத்தில் போட்டிருக்கிறது. கூரையில் எட்டுப் புகைபோக்கிகள். ஒன்றிலும் புகை வந்ததில்லை, புறாதான் குடியிருக்கிறது. பாவம் காவலாளி சோம்நுக் அண்ணன், இந்த வெயிலில் சிவப்புக் கம்பளிக் கோட்டு, உயரத் தொப்பி.

சலிதா அக்கா ஐந்து நாளாக லாபிப் பக்கம் வரவில்லை.

வராவிட்டால் எனக்கென்ன?

மார்ச் 5

ஆறு நாள்.

மார்ச் 7

சோம்நுக் அண்ணன் காபிக்கு வந்தபோது தானாகவே சொன்னார். "பதினெட்டாவது மாடி டீச்சரம்மாவுக்கு ஈரல்ல கேன்சராம். முத்திப்போச்சாம். கன்லயான்னு ஒரு பொண்ணு கூடவே இருந்து பாத்துக்குது."

நான் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன். சலிதா அக்கா என் கூடப் பிறந்தவள் என்று இந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவள் இங்கே குடியிருப்பது தெரிந்துதான் இந்த வேலையில் சேர்ந்தேன். பேசவா? இல்லை. அவள் தினமும் என்னைத் தாண்டிப் போகட்டும் என்றுதான். இரண்டு வருடமாகத் தாண்டித்தான் போகிறாள்.

எதற்காக? நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அம்மா இறந்தபோது பிரார்த்தனைக்குக் கோவிலுக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கிற பலகாரப் பெட்டிக்காக, உள்ளே க்ரீம் அடைத்த எக்லேர் இருநூறு சுட்டுக் கொண்டுபோனேன். அக்கா எனக்குச் சொல்லாமலே பெரிய கடையில் பெட்டிகளை வாங்கி அடுக்கி வைத்திருந்தாள். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் என் பேரைச் சொல்லி, "தூம் சுட்டது வேணாம். அது மத்தியானத்துக்குள்ள ஊறி நமத்துப் போயிடும், மானம் போயிடும்" என்றாள். இருநூறையும் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அம்மாவை எரித்த அன்று நான் அங்கே இல்லை.

நாலு வருடம். ஒரு எக்லேருக்கு.

மார்ச் 12

வேலை முடிந்ததும் பதினெட்டாவது மாடிக்குப் போனேன். தரைவிரிப்பில் காலடிச் சத்தமே இல்லை. 1807. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன்.

தட்டவில்லை. லிஃப்டில் இறங்கும்போது கண்ணாடியில் என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மார்ச் 15

காலையில் ஆறு எக்லேர் சுட்டேன். காபி க்ரீம். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அதுதான். ஓவனை அணைத்த பிறகும் உள்ளேயே விட்டு நன்றாகக் காயவைத்தேன். க்ரீமைக் கடைசி நிமிடத்தில் அடைத்தேன். பெட்டியில் வைத்துக் கட்டி, "1807-க்கு. கீழே இருக்கிற தூம் கொடுத்ததுன்னு மட்டும் சொல்லுங்க" என்று சோம்நுக் அண்ணனிடம் கொடுத்தேன்.

அரை மணி நேரம் கழித்துப் பெட்டியோடு திரும்பி வந்தார். முகம் சரியில்லை.

"அந்தக் கன்லயா பொண்ணு குடுத்துச்சு. டீச்சரம்மா சொல்லச் சொன்னாங்களாம்... 'நான் இன்னும் சாகலன்னு போய்ச் சொல்லு'ன்னு."

அப்போதுதான் பெட்டியைப் பார்த்தேன். முந்தாநாள் வந்த புதுப் பெட்டி. பழைய ரோஜா நிறப் பெட்டி போய், வெள்ளைப் பெட்டி, கறுப்பு நாடா. பாரிஸில் இப்படித்தானாம், விபாதா சொன்னாள். இரண்டு நாளாக வருகிறவர்களுக்கெல்லாம் கட்டிக் கொடுத்துக் கை பழகிவிட்டது. கண்ணுக்கு உறைக்கவே இல்லை.

வெள்ளை, கறுப்பு, உள்ளே எக்லேர். இந்த ஊரில் அதைப் பார்த்தால் குழந்தைக்குக்கூடத் தெரியும், சாவு வீட்டிலிருந்து வருகிற பெட்டி என்று. சாகக் கிடக்கிறவளுக்கு அவளுடைய சாவுப் பெட்டியைக் கட்டி அனுப்பியிருக்கிறேன். ஐயோ. என் கையாலேயே, நாடாவில் பூ முடிச்சுப் போட்டு.

மார்ச் 16

பெட்டியைப் பிரிக்காமலே குப்பையில் போட்டேன்.

மார்ச் 21

விபாதாவிடம் நாடாவின் நிறத்தை மாற்றச் சொன்னேன். "அக்கா, இது எலெகன்ட். உங்களுக்குப் புரியாது" என்றாள். எனக்குப் புரியாதாம்!

மேலே போய் மன்னிப்புக் கேட்கலாம்தான். என்னவென்று கேட்பது? 'வேணும்னு செய்யலக்கா' என்றா? நாலு வருடம் பேசாதவள் சொன்னால் யார் நம்புவார்கள்? நானே நம்பமாட்டேன்.

மார்ச் 28

முடிவு பண்ணிவிட்டேன். சொங்க்ரான் அன்று போவேன். ஏப்ரல் 13. புது வருடத்தன்று இளையவள் மல்லிகைத் தண்ணீரோடு வந்து நின்றால் கதவைச் சாத்த முடியாது, எவ்வளவு கோபம் இருந்தாலும். அவள் உள்ளங்கையில் தண்ணீரை ஊற்றி, செய்ததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்பேன். அன்றைக்கு எதையும் விளக்க வேண்டாம். சடங்கே எனக்காகப் பேசிவிடும்.

இன்னும் பதினாறு நாள்.

ஏப்ரல் 6

மல்லிகைத் தண்ணீருக்காக அம்மாவின் வெள்ளிக் கிண்ணத்தைத் தேய்த்து வைத்தேன். இன்னும் ஒரு வாரம்தானே.

ஏப்ரல் 9

காலை பத்து மணிக்குச் சரக்கு லிஃப்டில் அவளை இறக்கினார்கள். முன்வாசல் வழியாக ஸ்ட்ரெச்சர் போகக் கூடாதாம், கட்டட விதி. வீடு பார்க்க வருகிறவர்கள் பயந்துவிடுவார்களாம். குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே கொண்டுபோனார்கள். நான் முன்னால் கல்லாவில் நின்று யாருக்கோ மக்காரோன் கட்டிக்கொண்டிருந்தேன்.

மருத்துவமனை போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது.

சோம்நுக் அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். "அவ என் அக்கா" என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

ஏப்ரல் 10

கோவிலில் போர்வைக்கு வெளியே வலது கையை மட்டும் நீட்டி வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் ஒவ்வொருவராக அந்தக் கையில் தண்ணீர் ஊற்றினார்கள். மல்லிகை மிதந்த அதே தண்ணீர்தான். ஊற்றும்போது சொல்வதும் அதேதான், செய்ததற்கெல்லாம் மன்னித்துவிடு என்று. மூன்று நாள் முந்திவிட்டது, அவ்வளவுதான். ஆனால் இந்தச் சடங்கு எனக்காகப் பேசவில்லை. கை ஐஸ் மாதிரி இருந்தது.

வெளியே படிக்கட்டில் கன்லயா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சின்னப் பெண், கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"நீங்கதானே தூம் அக்கா? ஏன் வரவே இல்ல? தினம் கேட்டாங்களே."

"பெட்டியைத் திருப்பி அனுப்பினாளே" என்றேன்.

"பெட்டியைப் பாத்துட்டு அப்படிச் சிரிச்சாங்கக்கா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. 'இவளுக்கு எப்பவுமே கூறு கிடையாது. நான் இன்னும் சாகலன்னு போய்ச் சொல்லு, அப்பவாவது சண்டை போட மேல வருவா'ன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. நீங்க பெட்டியைத் திறந்து பாக்கலியா? அஞ்சுதானே இருந்திருக்கும்."

பிரிக்காமலே குப்பையில் போட்டது நினைவுக்கு வந்தது.

"ஒண்ணு சாப்பிட்டாங்க. அந்த வாரம் முழுக்க அவங்க தொண்டையில இறங்கின ஒரே கெட்டிச் சாப்பாடு அதுதான். 'ஊறவே இல்லடி, மொறுமொறுன்னு இருக்கு'ன்னு திரும்பத் திரும்பச் சொன்னாங்க. நாடாவை நான்தான் மறுபடி கட்டிக் குடுத்தேன்."

ஏப்ரல் 11

எழுத ஒன்றுமில்லை. அழுதேன். சுட்டேன்.

ஏப்ரல் 12

இன்று மூன்றாம் நாள் பிரார்த்தனை. எண்பது பெட்டி. ஒவ்வொன்றிலும் ஒரு எக்லேர், காபி க்ரீம். அதே வெள்ளைப் பெட்டி, அதே கறுப்பு நாடா. விபாதா வந்து கும்பிட்டுவிட்டுப் பெட்டியைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

பிக்குகள் வருவதற்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டை அக்காவின் முன் வைக்க வேண்டும். சோறு, மீன், தண்ணீர், ஓரத்தில் ஒரு எக்லேர். வைக்கிறவர் சவப்பெட்டியைத் தட்டி, இறந்தவரைச் சாப்பிடக் கூப்பிட வேண்டும். நெருங்கிய சொந்தம்தான் செய்ய வேண்டும் என்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கையைத் தூக்கினேன். 1807-இன் முன்னால் தூக்கிய அதே கை.

மூன்று தடவை தட்டினேன்.

"அக்கா, தூம் வந்திருக்கேன். வந்து சாப்பிடு. ஊறுறதுக்குள்ள சாப்பிட்டுடு."