பெட்ரியின் மகன்

அன்புள்ள மார்னிக்கு,

நீ தொலைபேசியை எடுக்காததால் எழுதுகிறேன். செய்தித்தாளில் பார்த்திருப்பாய். ஆம், கோல்பி பெட்ரியை நாட்டின் மறுகோடியிலுள்ள ஹாலிஃபாக்ஸ் அணிக்கு மாற்றிவிட்டேன்.

இருபத்தாறு வருடங்களுக்கு முன், இதே ரெஜினா ஹாக்கி அணியில் நான் ஆடியபோது, அவன் அப்பா லார்ன் பெட்ரிதான் மேலாளர். நீ வலியோடு கிடந்த பிரசவ வார்டுக்கே எனக்குப் போன் செய்தார். "உன்னை ஹாலிஃபாக்ஸுக்கு மாத்தியாச்சு. ரெண்டு மணிக்கு ஃபிளைட். நீ இல்லாட்டியும் குழந்தை பொறக்கும்டா." போனேன். நம் மகள் நான்கு மணி நேரம்தான் உயிரோடு இருந்தாள். அவளை நீ மட்டும்தான் பார்த்தாய்.

அதன்பின் எனக்கு ஒரே குறி. ஆட்டத்தை விட்டேன். அணிக்குப் புது வீரர்களைத் தேடிப் பனியில் ஊர் ஊராகக் கார் ஓட்டினேன். உதவி மேலாளரானேன். கடைசியில் பெட்ரியின் நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். கோல்பியை அணிக்கு எடுத்ததே நான்தான். ஏனென்று நீ கேட்கவில்லை.

செவ்வாயன்று அவன் மனைவிக்கு வலி கண்டது. நான் போன் செய்து, அதே வார்த்தைகளைச் சொன்னேன்.

பெட்ரி என் அறைக்கே வந்துவிட்டார். "அவன் உனக்கு என்னடா பண்ணான்?"

"என் பொண்ணு உங்களுக்கு என்ன பண்ணினா?"

கிழவர் திரும்பிப் போய்விட்டார். எனக்கு இனித்தது, மார்னி.

அன்றிரவு, கோல்பி ஏன் வரவில்லையென்று ஹாலிஃபாக்ஸிலிருந்து கேட்டார்கள். அவனை அழைத்தேன்.

"பொண்ணு பொறந்திருக்கா சார். நான் ஃபிளைட் ஏறல. வேலை போனா போகட்டும்."

அப்படியும் சொல்லலாம் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

இப்படிக்கு,
அன்று விமானம் ஏறியவன்