குளவியைப் பார்க்க ஏறியவள்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

பாட்டியைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவைத்து ஒன்பது நாள் ஆகிறது. அவளுடைய திருப்புளியும் இடுக்கியும் இன்னும் கரண்டிகளோடுதான் கிடக்கின்றன. எடுத்துவைக்கக் கை வரவில்லை.

தொண்ணூற்று மூன்று வயது. முப்பதில் தாத்தாவைப் பறிகொடுத்து, டெலிபோன் நிலையத்தில் வேலை பார்த்து, அம்மாவைத் தனியாளாக வளர்த்தவள். கடைசிவரை ஒரு மெக்கானிக்கை வீட்டுக்குள் விடவில்லை. "அவனுக்குத் தெரிஞ்சது எனக்கு ஏன் தெரியக்கூடாது?" என்பாள். எழுபது வயதில் வாஷிங் மெஷினைக் கழற்றிப்போட்டு, உள்ளே சத்தம் போட்டது என் ஹேர்பின்தான் என்று கண்டுபிடித்து, ஒரு வாரம் என்னைத் திட்டித் தீர்த்தாளே, ஞாபகம் இருக்கிறதா?

எப்படி விழுந்தாள் என்று அம்மா கேட்டால், குளியலறையில் வழுக்கிவிட்டது என்றே சொல். மூட்டு ஆபரேஷன் முடிந்து உன் வீட்டில் படுத்திருப்பவளிடம் வேறெதுவும் பேசாதே.

அன்புடன்,
அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

"வழுக்கிவிட்டது என்றே சொல்" என்கிறாய். அப்படியென்றால் வழுக்கவில்லை. அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

டிசம்பரில் வந்தபோது, பாட்டி இனிமேல் ஏறக்கூடாதென்று அம்மா சொன்னதால் அவளுடைய ஏணியைப் பெயின்டரிடம் தூக்கிக் கொடுத்தவன் நான். பாட்டி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஏணி இல்லாமல் எதன் மேல் ஏறினாள்? நாற்காலியா? என்னால்தானா? போனில் கேட்கலாமென்றால் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள். அவளும் நம்பவில்லை. "வழுக்கி விழற ஆளாடா அவ?" என்று தினமும் கேட்கிறாள்.

மறைக்காமல் எழுது.

உன்
தம்பி

மார்ச் 27

தம்பிக்கு,

உன்னால் இல்லை. நிம்மதியாகச் சாப்பிடு.

ஜனவரியில் குளியலறை ஜன்னலுக்கு மேலே ஒரு குளவி கூடு கட்ட ஆரம்பித்தது. ஒரு நாள் நான் போனபோது பாட்டி நாற்காலி மேல் ஸ்டூலைப் போட்டு ஏறி, பூதக்கண்ணாடியோடு நின்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. இறங்கச் சொல்லிக் கெஞ்சினேன். "ஏணி இருந்தா ஏணியில ஏறுவேன். இல்லேன்னா இதுலதான். எது பரவாயில்லன்னு நீயே சொல்லு" என்றாள்.

மறுநாள் புது ஏணி வாங்கி, இரண்டு மாடி தூக்கிவந்து வைத்தேன். உங்கள் இருவரிடமும் மறைத்தேன். அதன் நாலாவது படியிலிருந்துதான் விழுந்தாள்.

ஸ்டூல் என்றால் இன்னும் முன்னாலேயே விழுந்திருப்பாளா, ஏணியே இல்லாவிட்டால் ஏறியிருக்கவே மாட்டாளா என்று யோசித்து யோசித்துப் பைத்தியம் பிடிக்கிறது. அம்மாவின் குரலைக் கேட்கவே பயந்து, போன் அடித்தால் எடுப்பதில்லை. அவளுடைய அம்மாவைக் கொன்றவள் நான் என்று அவள் நினைத்துவிட்டால், எனக்குப் போக்கிடம் ஏது?

இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுத்துவிடு. நீ எதுவும் சமாதானம் சொல்லாதே.

அக்கா

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கொடுத்தேன். இரண்டு முறை படித்துவிட்டு, மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.  மூன்று நாளாக, மாத்திரை கொடுத்தால் வாங்குவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நானும் பயந்துபோய் அறைக்கு வெளியிலேயே நடந்தேன்.

இன்று காலை கூப்பிட்டாள்.

"இரும்பு ஏணியாடா?"

தெரியாது என்றேன்.

"இடுப்பு வலிய வெச்சுக்கிட்டு ரெண்டு மாடி எதுக்குத் தூக்கினா? கடைக்காரன்கிட்ட சொன்னா கொண்டுவந்து போட மாட்டானா?" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். பாட்டி போனபிறகு இன்றுதான் அழுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் செய்கிறாளாம். எடு, அக்கா.

உன்
தம்பி